பியானோ ரோல் சேகரிப்பு: சாதா 88 ரோலா, ரீபுரொடியூசிங் ரோலா?

துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் அந்தத் துளைகளின்படி தானே வாசிக்கும் பியானோதான் பிளேயர் பியானோ, அந்தச் சுருள்தான் ரோல். ரோல் சேர்க்க நினைப்பவர்கள் சீக்கிரமே ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும்: சாதாரண 88 நோட் ரோலா, ஆம்பிக்கோ, டியோ-ஆர்ட் மாதிரி பிராண்டுகளின் ரீபுரொடியூசிங் ரோலா? நான் சாதா ரோல் பக்கம் போனேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

வித்தியாசம் பலருக்கும் தெரிந்ததுதான். சாதா ரோலில் எந்தக் கட்டை எப்போது அழுந்தணும் என்பதற்குத்தான் துளைகள். சத்தத்தின் ஏற்ற இறக்கம் பெடல் மிதிக்கிற உங்கள் காலிலும் லீவரைப் பிடித்த கையிலும் இருக்கிறது. ரீபுரொடியூசிங் ரோலில் அந்த ஏற்ற இறக்கத்துக்கும் தனித் துளைகள் உண்டு. இசையமைப்பாளர்களான ரக்மானினோவ் ஆம்பிக்கோவுக்கும் கெர்ஷ்வின் டியோ-ஆர்ட்டுக்கும் வாசித்ததை இன்று ஒரு நிஜப் பியானோவில் கேட்கலாம் என்பது பெரிய விஷயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் வாங்கி வைத்த பிறகு நாம் மல்லுக்கட்டுவது காகிதத்தோடு, குறிப்பாக அதன் ஓரத்தோடு. 1920களின் ரோல்களில் நிறைய அமிலம் கலந்த மரக்கூழ்க் காகிதம், வருஷம் ஆக ஆகப் பழுத்து நொறுங்கும். ரோல் பக்கத் தட்டில் உரசினாலோ, சுற்றிய ரோலின் நுனியைப் பிடித்து இறுக்கி இழுத்தாலோ முதலில் கிழிவது ஓரம்தான். சாதா ரோலில் ஓரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை பியானோவின் கடைக்கோடிக் கட்டைகள், பெரும்பாலான பாட்டுகளில் அவற்றுக்கு வேலையே குறைவு, அதனால் கொஞ்சம் பிய்ந்திருந்தாலும் பாட்டு ஓடிவிடும். ஆம்பிக்கோவிலும் டியோ-ஆர்ட்டிலும் ஏற்ற இறக்கத் துளைகள் இருப்பதே அந்த ஓரங்களில்! அங்கே ஒரு கிழிசல் விழுந்தால் மெதுவாக வர வேண்டிய இடம் தடாலென்று அதிரும், அதாவது எதற்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ அதுவே முதலில் போகிறது. அகலமும் ஒரு காரணம்: 1908இல் பஃபலோவில் தயாரிப்பாளர்கள் கூடிப் பொதுவாக்கிய ரோல் அளவு 11¼ அங்குலம், அங்குலத்துக்கு 9 துளை, காற்றின் ஈரப்பதம் மாறிக் காகிதம் சற்றே சுருங்கினாலும் இரு ஓரங்களும்தான் டிராக்கர் பாரின் (ரோலின் துளைகளைக் காற்றால் படிக்கிற துளைப்பட்டை) துளைகளை விட்டு விலகும்.

கிழிசலுக்கு சாதாரண செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆவணங்கள் பழுது பார்க்கிற மெல்லிய டேப் போதும், அதையும் துளையை மூடாமல் ஒட்ட வேண்டும்.

ஆம்பிக்கோ ரோலை சாதா பிளேயர் பியானோவில் ஓட்டினால் என்ன என்று கேட்பார்கள். அகலம் ஒன்றுதான், ஓடும். ஆனால் ஏற்ற இறக்கம் வராது, ஓரத் துளைகளை அடைக்கிற வசதி இல்லாத பியானோ என்றால் அவற்றையும் நோட் என்று எடுத்துக்கொண்டு சம்பந்தமில்லாத கட்டைகள் நடுவில் ஒலிக்கும். வெல்டே-மிக்னான் என்ற இன்னொரு ரீபுரொடியூசிங் வகையின் சிவப்பு ரோல் அகலமே அதிகம், அதற்கென்று தனிக் கருவி வேண்டும். அவற்றை நண்பர் வீட்டில் கேட்டதோடு சரி, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

விலை பற்றி: 88 நோட் ரோல்கள் பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைக்கும், திரும்ப விற்றாலும் பெரிதாகத் தேறாது. ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர் வாசித்த அசல் ரோல்கள் போலச் சில மட்டும் விதிவிலக்கு. எனக்கு அதுவே வசதி. ஓரத்தில் பாட்டு வரிகள் அச்சான ஒரு ரோலைப் போட்டு, நாமே மிதித்து, நாலு பேர் சேர்ந்து பாடுகிற சந்தோஷத்துக்கு விலையுயர்ந்த ரோல் எதற்கு?

நன்றாக ஓடுகிற ரீபுரொடியூசிங் பியானோ ஏற்கனவே வீட்டில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போதும் தினம் ஓட்டப் பழைய ரோலைப் பார்த்துப் புதுக் காகிதத்தில் வெட்டிய ரீகட் வாங்குங்கள், அசலை எப்போதாவது மட்டும் எடுங்கள்.