ஃபிஃப்த் வீல் கேம்பர் இழுக்க எஃப்-350: கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்து வாங்கிய ட்ரக்

நான் அமெரிக்காவில் ட்ராவல் நர்ஸ். 13 வார ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு வீடு தேடி அலுத்துப்போய் 34 அடி நீளத்தில், ட்ரக் இழுத்துச் செல்லும் சக்கர வீடான ஒரு ஃபிஃப்த் வீல் கேம்பருக்கு ஆர்டர் கொடுத்தோம். கணவருக்கு லேப்டாப் வேலை. வைஃபை கிடைக்கும் இடமெல்லாம் அவருக்கு ஆபீஸ். வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். அதனால் கேம்பர் வந்துசேர்வதற்குள் அதை இழுக்கும் ட்ரக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

வாங்கியது 2022 மாடல் ஃபோர்டு எஃப்-350. 6.7 லிட்டர் டீசல், நான்கு கதவு, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பெட் எட்டு அடி, பின் ஆக்ஸிலில் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம், சொகுசு அதிகமில்லாத எக்ஸ்எல்டி ட்ரிம். பழைய வண்டிதான். அறுபதாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது. இதே வழியில் இறங்க நினைக்கிற நம்மவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் ஃபிஃப்த் வீல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது முன்னால் இருக்கும் தலைவண்டியின் முதுகில் ட்ரெய்லர் ஏறி உட்கார்ந்திருக்குமே, அதே ஏற்பாடுதான். கேம்பரின் மூக்கிலிருந்து தொங்கும் கிங்பின் என்ற இரும்பு முளை, பிக்அப்பின் பெட்டுக்குள் பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்பில் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஹிட்ச் இருக்குமிடம் பின் ஆக்ஸிலுக்கு மேலே, அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால். பம்பரில் மாட்டி இழுக்கும் சாதாரண ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் ட்ரக் மேல் போடும். ஃபிஃப்த் வீல் 20 சதவீதம் போடும், சிலது 25 வரைகூடப் போகும். அதனால்தான் காற்றில் ஆடாமல் நேராக வருகிறது. அதனால்தான் தப்பான ட்ரக்கை வாங்கிவிட்டால் பின்பக்கம் தரையில் குந்திவிடுகிறது.

ஆகவே பார்க்கவேண்டியது எவ்வளவு இழுக்கும் என்பதை அல்ல, எவ்வளவு சுமக்கும் என்பதை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைக் கணக்கு. சுமைக் கணக்கு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், மஞ்சளும் வெள்ளையுமாக உள்ளங்கை அளவு ஸ்டிக்கரில். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். அது அந்த மாடலுக்குப் பொதுவான எண் இல்லை, அந்த ஒரு வண்டிக்கே உரிய எண். பக்கத்தில் நிற்கும் அதே மாடல் வண்டியில் சன்ரூஃபும் மின்சார சீட்டும் இருந்தால் அதன் ஸ்டிக்கரில் எண் குறைந்திருக்கும். ஒவ்வொரு சொகுசும் சுமையிலிருந்துதான் கழிகிறது. நான் தோல் சீட்டு இல்லாத எக்ஸ்எல்டியை எடுத்ததற்கு இது ஒரு காரணம். துணி சீட்டே எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு டீலரிடம் போனபோது விற்பனையாளர் 'முக்கால் டன்' என்று சொல்லப்படும், எஃப்-350-க்கு ஒரு படி கீழான வகை டீசல் ட்ரக்கைக் காட்டி, "14,000 பவுண்டா? இது பின்னால் இருப்பதே தெரியாமல் இழுக்கும் மேடம்" என்றார். இழுக்கும், பொய் இல்லை. நான் கதவைத் திறந்து குனிந்து படித்தேன். 2,240 பவுண்டு. எங்கள் கேம்பர் முழுசாக ஏற்றினால் 14,000. அதில் 20 சதவீதம் 2,800. நானும் அவரும் ஏறாமல், ஹிட்சைக்கூட வைக்காமல், கிங்பின் சுமை மட்டுமே கணக்கைத் தாண்டிவிடுகிறது. இதைச் சொன்னதும் அவர், "பின்னால் ஏர் பேக் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்" என்றார். இந்த ஏர் பேக் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றடைத்த பை; பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது ஒரு பவுண்டுகூட ஏற்றாது. ஆக்ஸிலும் டயரும் பிரேக்கும் அதேதானே! நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

முக்கால் டன்னில் ஏன் இப்படி என்றால், அந்த வகை டீசல் வண்டிகள் பலவற்றை, வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 10,000 பவுண்டு என்ற கோட்டுக்குள் நிறுத்திப் பதிவு செய்கிறார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடச் சில நூறு பவுண்டு கனம். கோடு நகராது, எஞ்சின் கனம் கூடும், மிச்சம் இருப்பது குறையும். ஒரு டன் வகைக்கு, அதாவது எஃப்-350, ராம் 3500, செவர்லே சில்வராடோ 3500 இவற்றுக்கு, போனால்தான் இந்தப் பிடி தளரும். எங்கள் வண்டியின் ஸ்டிக்கர் 3,712 பவுண்டு சொல்கிறது.

கேம்பர் கம்பெனியின் விளம்பரத் தாளில் இருக்கும் 'காலி எடை'யை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதில் தண்ணீர் கிடையாது, நம் வீட்டு கிரைண்டரும் அரிசி மூட்டையும் நிச்சயமாகக் கிடையாது. தண்ணீர் மட்டுமே கேலனுக்கு 8.3 பவுண்டு, 60 கேலன் தொட்டி நிரம்பினால் 500 பவுண்டு. சாமானோடு சேர்த்து கேம்பரின் மொத்த எடை அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள். வாங்கியபின் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்று எடைமேடை இருக்கும். பணம் கொடுத்தால் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ட்ரெய்லர் ஆக்ஸில்கள் என்று தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். கேம்பரோடு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை நிறுத்தினால் கிங்பின் சுமை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். எங்களுக்கு வந்தது 2,740. ஹிட்ச், நாங்கள் இரண்டு பேர், பெட்டில் கிடக்கும் டூல் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 3,300-ஐச் சுற்றி நிற்கிறது. அந்த நானூறு பவுண்டு இடைவெளியில்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அப்படியானால் பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டூயலியே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 16,000 பவுண்டுக்கு மேற்பட்ட கேம்பர் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு இந்த ட்ரக்தான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியும். இடுப்பு புடைத்த டூயலியை பார்க்கிங் கட்டடத்துக்குள் நுழைத்து, நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வெளியே எடுப்பதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. டயர் மாற்றும்போது நாலுக்குப் பதில் ஆறு. இன்னொன்று லைசென்ஸ். நாங்கள் இருக்கும் டெக்சஸில் ட்ரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்து, ட்ரக், ட்ரெய்லர் இரண்டின் குறித்த எடையும் (சுமையோடு சேர்த்து அதிகபட்சம் இவ்வளவு என்று கம்பெனி குறித்திருப்பது) சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால், சொந்த உபயோகமாக இருந்தாலும் கிளாஸ் ஏ லைசென்ஸ் எடுக்கவேண்டும். எங்கள் ட்ரக் 11,500, கேம்பர் 14,000, மொத்தம் 25,500. சாதாரண லைசென்ஸே போதும். டூயலியின் குறித்த எடை 14,000 என்றால் அங்கேயே கோட்டைத் தாண்டிவிடும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்குக் கிளாஸ் ஏ, 10,000 முதல் 15,000 வரை தனி அனுமதி. உங்கள் மாநிலத்தில் என்ன என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் பற்றித்தான் எல்லாரும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நான் சுருக்கமாக முடிக்கிறேன். 2022-இல் ஃபோர்டின் டீசல் 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி டார்க். ராமில் வரும் கம்மின்ஸின் உயர்திறன் வகை 420, 1,075. செவர்லேயின் டூராமேக்ஸ் 445, 910. எங்கள் 14,000 பவுண்டுக்கு மூன்றுமே தாராளம். ஓட்டிப் பார்த்ததில் செவர்லேயில் உட்கார சுகம், கம்மின்ஸின் உறுமல் கணவருக்குப் பிடித்தது. நான் ஃபோர்டை எடுத்தது எட்டு அடி பெட்டும், ஹிட்ச் மாட்டத் தொழிற்சாலையிலேயே போட்ட பெட் துளைகளும், 48 கேலன் டேங்க்கும் ஒரே வண்டியில் கிடைத்ததால். கேம்பரோடு கேலனுக்கு 10 மைல் கிடைக்கிறது. காலையில் நிரப்பினால் அன்றைக்கு மறுபடி பங்க் பக்கம் போகவேண்டியதில்லை. 34 அடி வாலோடு பங்க்கில் திரும்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பெட்ரோலா டீசலா என்பது மட்டும் உண்மையான கேள்வி. டீசலுக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் டாலர் அதிகம், புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலான டெஃப் வேறு ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும், ஆயில் மாற்றுவதற்கும் செலவு கூட. சமவெளியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் 12,000 பவுண்டுக்குள் இழுப்பவர்களுக்கு ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோலே நல்ல தேர்வு; எஞ்சின் கனம் குறைவு என்பதால் சுமக்கும் கணக்கும் கூடும். எங்களை டீசல் பக்கம் தள்ளியது மலை. அந்த 7.3 பெட்ரோல் மாதிரி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,158 அடியைத் தொடுகிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு சக்தி காற்றோடு போய்விடும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இந்த வண்டி எனக்குப் பிடித்துப்போனது. சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தோர்ன் வரை 7 சதவீத இறக்கம். பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் சரளைக் கல் கொட்டிய மேட்டுப் பாதை இருக்கும். பார்த்தாலே கை வேர்க்கும். கனம் இழுப்பதற்கேற்பக் கியரை மாற்றும் டோ ஹால் பொத்தானையும், எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பொத்தானையும் அழுத்திவிட்டு 45 மைல் வேகத்தில் பிரேக்கை ஒருமுறை மிதித்து எடுத்தேன். கியர் தானாகவே இறங்கியது, கீழேயிருந்து உஸ்ஸென்று ஒரு சீற்றம், வேகமுள் அங்கேயே நின்றது. பின்னாலிருந்து 13,000 பவுண்டு தள்ளுகிறது, என் கால் தரையில். கணவர் பக்கத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பெட் எட்டு அடி இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கும் காரணம் உண்டு. குட்டைப் பெட்டில் இறுக்கமாகத் திருப்பினால் கேம்பரின் மூக்கு கேபினின் பின் கண்ணாடியை முட்டிவிடும். அதைத் தவிர்க்கத் திருப்பும்போது பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் இருக்கிறது. ஆனால் விலையும் கனமும் கூட, அந்தக் கனமும் சுமைக் கணக்கிலிருந்துதான் போகும். நீள பெட்டில் சாதாரண ஹிட்சே போதும். பின்வாங்கும்போது மனசு அடித்துக்கொள்வதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வண்டி 22 அடிக்கு மேல் நீளம். எந்த பார்க்கிங் கோட்டுக்குள்ளும் அடங்காது. கடையில் எப்போதும் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு நடப்பேன். கேம்பர் இல்லாமல் ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும். கனமான ஸ்பிரிங், காலியாக இருந்தால் அப்படித்தான். நான்கு சக்கர இயக்கம் உள்ள ஹெவி டியூட்டி ட்ரக்குகளில் பெட்டின் ஓரச் சுவரும் உயரம். அதற்கும் கேம்பரின் மூக்குக்கும் நடுவில் ஆறு அங்குலமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் இடிக்கும். அந்த இடைவெளிக்காக மூக்கைத் தூக்கினால் கேம்பர் சாய்ந்து அதன் பின் ஆக்ஸிலில் சுமை ஏறும். ஹிட்ச்சின் உயரத்தையும், கிங்பின்னைத் தாங்கும் 'பின்பாக்ஸ்' என்ற இரும்புப் பெட்டியின் உயரத்தையும் மாற்றி மாற்றிச் சமன் செய்ய எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. என் உயரம் ஐந்தடி. பெட்டின் ஓரத்தைத் தாண்டி ஹிட்ச் கைப்பிடியை எட்ட முடியாது. ஒரு மடக்கு ஸ்டூல் எப்போதும் பெட்டில் கிடக்கும்.

மாட்டும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பூட்டிய சத்தம் கேட்டதும் அப்படியே கிளம்பிவிடாதீர்கள். ஹிட்ச்சின் தாடை கிங்பின்னைச் சுற்றி முழுக்க மூடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கிளிப்பை மாட்டி, மின்சார வயரையும், கேம்பர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கயிறையும் இணைத்து, கேம்பரின் கால்கள் இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ட்ரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். சரியாகப் பூட்டவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கால் கீழே இருப்பதால் கேம்பர் பெட் மேல் விழாது. நான் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

கேம்பர் 10,000 பவுண்டுக்குள் என்றால் இவ்வளவு பெரிய ட்ரக் வேண்டாம், முக்கால் டன் பெட்ரோலே பார்த்துக்கொள்ளும். எங்களை மாதிரி 12,000 முதல் 14,000 வரை, அதையே தினசரி வண்டியாகவும் ஓட்டவேண்டும் என்றால் ஒரு டன், ஒற்றைச் சக்கரம், நீள பெட், கீழ் ட்ரிம். எந்த கம்பெனி என்பதை உங்கள் ஊரில் நல்ல சர்வீஸ் எங்கே கிடைக்கிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். டீலரிடம் போகும்போது கேம்பரின் எடைகளை எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாவி கேட்பதற்கு முன்னால் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.