பேராதனைப் பூங்கா: பனை பார்க்கப் போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குக் காரில் போகிறவர்கள் பலர் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு முக்கால் மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். 147 ஏக்கர் தோட்டத்துக்கு அது காணாது. ஆர்க்கிட் வீட்டையும் பெரிய புல்வெளியையும் சுற்றி வருவதற்குள் நேரம் போய்விடும். 1821இல் தொடங்கிய இந்தத் தோட்டத்தின் பெரும் சொத்தான பனைக் குடும்ப மரங்கள் விட்டுப்போகும். மூன்று மணி நேரம் வையுங்கள்.

பார்வைக்குப் பாடம் வழியிலேயே ஆரம்பம். கேகாலைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே தோட்டங்களுக்குள் கித்துள் மரங்கள் நிற்கும்; இதுவும் பனைக் குடும்பம்தான். மீன்வால் போலக் கிழிந்த சிற்றிலைகள்தான் அடையாளம். பூங்குலை உச்சியில் முதலில் வரும், பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். அடிக்குலையும் முடிந்தால் மரம் பட்டுப்போகும். ஆகவே குலை எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பார்த்தாலே மரத்துக்கு மிச்சமுள்ள காலத்தை ஊகிக்கலாம். மலை வளைவுகளில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

பூங்காவுக்குள் எல்லோரும் படம் எடுக்கும் நெடும் வரிசைகளில் ராயல் பாம், கேபேஜ் பாம் என இரண்டு உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கடந்துவிடுவது வழக்கமான தவறு. ராயல் பாமின் தண்டு பெரும்பாலும் நடுவில் புடைத்திருக்கும், ஓலை நாலா பக்கமும் சிலிர்த்து நிற்கும். கேபேஜ் பாம் அதைவிட உயரம், தண்டு நேர், சிற்றிலைகள் ஏறக்குறையத் தட்டையாக இரு பக்கமும் விரியும். இரண்டிலும் கொண்டைக்குக் கீழே வழவழப்பான பச்சைக் குழல் ஒன்று இருக்கும். அது தண்டல்ல; நம்மூர் பாக்கு மட்டை மாதிரி, மட்டையடிகள் ஒன்றையொன்று சுற்றிய உறை. பழுத்த மட்டை 10 கிலோவுக்கு மேல் எடையோடு விழும் என்பதால், காற்று வீசும்போது மரத்தடியில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

அதிக நேரம் கேட்பது இரட்டைத் தேங்காய். சீஷெல்சில் பிரலின், கூரியூஸ் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் இது. ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரத்தின் பாளை பழுப்பு நிறத்தில், முழங்கையைவிட நீளமாகத் தொங்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் மேல் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். தாய்நாட்டுக்கு வெளியே வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள். காய் முற்ற ஆறேழு ஆண்டுகள். உலகின் மிகப் பெரிய விதை இதனுடையது. முளை விதையடியிலேயே எழாது, மண்ணுக்குள் சில மீட்டர் தள்ளிப் போய்த்தான் தளிர்விடும். இதைத் தொட்டியில் வளர்ப்பது கடினம் என்பதற்குக் காரணம் அதுவே. மடிப்பு மடிப்பான ஓலையையும் கவனியுங்கள்: மழைநீர் அந்த மடிப்புகள் வழியே வாய்க்கால் போல ஓடித் தண்டடிக்கு வந்து சேரும்.

அடுத்தது தாளிப்பனை. நம் சுவடிக்காரர்கள் இதைச் சீதாளம் என்பார்கள். இதன் ஓலை பனையோலையைவிட மெல்லியது, நீளமானது, வளைத்தால் முறியாதது. இலங்கையின் பழைய ஏடுகள் பெரும்பாலும் இதில்தான். ஓலை 5 மீட்டர் அகலம் வரை போகும். மரம் முப்பது முதல் எண்பது ஆண்டு வளர்ந்து, ஒரே ஒருமுறை உச்சியில் வெண்மஞ்சள் பூச்செண்டு விட்டு, காய் முற்றியதும் செத்துப்போகும். பூத்த மரம் கண்ணில் பட்டால் மற்றதெல்லாம் பிறகு.

நம் பனைக்கும் இங்கே ஒரு வரிசை உண்டு. யாழ்ப்பாணத்து வெயிலில் பார்த்த மரத்தை இந்த ஈர மண்ணில் பார்ப்பது தனி அனுபவம்.

காலை ஏழரைக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். உச்சி வெயிலில் கொண்டைகளெல்லாம் வெறும் கறுப்பு நிழலாகத்தான் படத்தில் விழும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு; அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். அகலக் கோண லென்சால் அண்ணாந்து எடுத்தால் தண்டுகள் உள்நோக்கிச் சாய்ந்து தெரியும், அதனால் நன்றாகப் பின்னால் தள்ளி நின்று செங்குத்தாக எடுங்கள். மரக் கிளைகளில் வௌவால் கூட்டம் தொங்கும், தொப்பி அவசியம்.

திரும்பும் வழியில் கித்துள் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கித்துள் பாணி வாங்கலாம்.