அடிவார மனையா, ஏரிக்குக் கீழ் மனையா?

என் உறவினர் ஒருவர் வாங்குவதற்கு இரண்டு மனை பார்த்து வைத்துவிட்டு, எதை வாங்கலாம் என்று கேட்டார். ஒன்று அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில். இன்னொன்று ஊத்தங்கரை பக்கம், ஏரிக்குக் கீழே ரோட்டை ஒட்டி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். மழைத் தண்ணீர் எந்த வழியில், எந்த மாதத்தில் வரும் என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அடிவாரத்தில் சரிவு அதிகம். சரளை கலந்த செம்மண், கொஞ்சம் தோண்டினால் பாறை தட்டும். மண் குடிக்கும் தண்ணீர் குறைவு. சித்திரை, வைகாசியில் மேல்மண் இறுகிக் கிடக்கும்போது ஒரு இடிமழை கொட்டினாலும் போதும், காய்ந்த ஓடையில் செந்தண்ணீர் பாய்ந்து வரும். கீழே வெயிலடிக்கும்போதே மலைத் தண்ணீர் வந்துவிடும் என்பதுதான் பயம். ஆனால் வந்த வேகத்தில் வடியும். எதுவரை வரும் என்பதையும் உருண்டு கிடக்கும் கற்களும் வேலியில் சிக்கிய சருகும் காட்டிக்கொடுக்கும்.

ஏரிக்குக் கீழே அந்த அடையாளம் கிடைக்காது. நஞ்சையாக இருந்த களிமண் தரை. கோடையில் அதன் வெடிப்புகள் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். ஐப்பசி மழையில் மண் உப்பி வெடிப்பு மூடிவிடும், ஏரியும் நிரம்பிவிடும். அதன்மேல் கார்த்திகையில் புயல் மழை விழுந்தால்? 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. ஒரு ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். ஏரித் தண்ணீர் ரோட்டில் பாய்ந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற வண்டிகளை இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். பல வருடம் கோடி போகாத, அதாவது நிரம்பி வழியாத ஏரி என்றால் உபரி நீர் வாய்க்காலையே ஊர் மறந்துவிடுகிறது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

அதே நாளில் அரூரிலும் 33 செ.மீ. பெய்தது, அதனால் அடிவாரம் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். ஒகேனக்கல் வெள்ளம் வேறு வகை. ஆடியில் கர்நாடக அணைகளைத் திறந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிடும். இந்த இரண்டு மனைக்கும் அந்த அவகாசம் கிடையாது.

அடிவார மனையைத்தான் வாங்கச் சொன்னேன், ஓடையிலிருந்து தள்ளி மேடாக இருந்தால் மட்டும். கிராம வரைபடத்தில் ஓடையும் ஏரிக் கோடியும் எங்கே என்று பார்த்துவிட்டு, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நல்ல மழை நாளில் அங்கே போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.