"நோ மாட்யூல் நேம்டு" தொல்லைக்கு யுவி: நான்கு மாத அனுபவம்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலையில் பைத்தான் சொல்லித் தருகிறேன். ஆளுக்கொரு லேப்டாப், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கோலத்தில் பைத்தான். வகுப்பின் முதல் அரைமணி நேரம் "நோ மாட்யூல் நேம்டு" என்ற பிழையோடு, அதாவது நிரல் கேட்ட லைப்ரரி கிடைக்கவில்லை என்ற புகாரோடு, மல்லுக்கட்டுவதிலேயே போகும். நான்கு மாதத்துக்கு முன் எல்லோரையும் யுவிக்கு (uv, பைத்தான் லைப்ரரிகளை இறக்கி நிர்வகிக்கும் கருவி) மாற்றினேன்.

மாற்றியதற்குக் காரணம் ஒரு மாணவி. "சார், இன்ஸ்டால் ஆயிருச்சுன்னுதான் சொல்லுது. ரன் பண்ணா சிவி2 இல்லேங்குது" என்று கண் கலங்க நின்றாள். (ஓபன்சிவி லைப்ரரியை நிரலில் அழைக்கும் பெயர்தான் சிவி2.) லைப்ரரிகளை இறக்கும் வழக்கமான கருவி பிப்; டெர்மினலில் அதன் வெர்ஷனைக் கேட்கச் சொன்னேன். வரியின் கடைசியில் பைத்தான் 3.12 என்று வந்தது. அப்புறம் அவளுடைய நிரலின் தலையில், அதை ஓட்டும் பைத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டும் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை பிரின்ட் செய்து பார்த்தோம். பாதையில் பைத்தான்39 என்று இருந்தது. பிப் ஒரு வீட்டில் சாமான் இறக்கியிருக்கிறது, எடிட்டர் பக்கத்து வீட்டில் தேடுகிறது. என் வகுப்பில் இந்தப் பிழை வந்தபோதெல்லாம் பாதிக்கு மேல் இதுதான் கதை.

யுவி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. 2024 பிப்ரவரியில் வெளிவந்தது, ரஸ்ட் மொழியில் எழுதியது, இலவசம். ஃபோல்டருக்குள் போய் 'யுவி இனிட்', 'யுவி ஆட் ஓபன்சிவி-பைத்தான்', 'யுவி ரன்' என்று மூன்று கட்டளை போதும். அந்த ஃபோல்டருக்கென்றே தனிச் சூழல் உருவாகிறது. இறக்குவதும் ஓட்டுவதும் அங்கேயே நடப்பதால் வீடு மாறிப்போகிற பேச்சே இல்லை. ஒருமுறை இறக்கியது கேஷில் (கணினியிலேயே உள்ள சேமிப்பில்) இருப்பதால் அடுத்த ஃபோல்டரில் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுகிறது. எந்த லைப்ரரியில் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் யுவி.லாக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால், 'யுவி சிங்க்' அடித்த பிள்ளைக்கும் என்னிடம் உள்ள அதே பதிப்புகள் கிடைக்கின்றன. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

பழைய லைப்ரரிகளுக்கும் இது உதவுகிறது. பைத்தானோடு கூடவே வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலை 3.12-இல் எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த பழைய நிரல் ஓடும்போது "நோ மாட்யூல் நேம்டு டிஸ்ட்யூட்டில்ஸ்" என்று நின்றுவிடும். தொடங்கும்போதே இனிட்டோடு 3.11 வேண்டும் என்று சொன்னால் போதும், கணினியில் இல்லாவிட்டால் யுவியே இறக்கிக்கொள்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் மட்டும் அன்றைய டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். யுவி உருவாக்கும் சூழலுக்குள் பிப் இருக்காது. பழக்க தோஷத்தில் வெறும் 'பிப் இன்ஸ்டால்' அடித்தால் வெளியே இருக்கிற பிப் ஓடி, சாமான் மறுபடி பக்கத்து வீட்டுக்கே போய்விடும். என் வகுப்பில் இரண்டு பேருக்கு இப்படி ஆனது. 'யுவி பிப் இன்ஸ்டால்' என்று முழுதாக அடிக்க வேண்டும். சூழலை நாமே உருவாக்கினால் 'யுவி வென்வ்' கட்டளையோடு சீட் (--seed) என்பதைச் சேர்த்து பிப்பையும் உள்ளே வைக்கலாம்.

பெயர்க் குழப்பத்தையும் யுவி தீர்க்காது. இம்போர்ட் செய்வது பிஐஎல், இறக்க வேண்டியது பில்லோ. யாமலுக்குப் பையாமல், பிஎஸ்4-க்குப் பியூட்டிஃபுல்சூப்4, எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன். இதை ஒரு அட்டையில் எழுதி கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இப்போதும் பிள்ளைகள் எழுந்து வந்து பார்ப்பது அதை ஒன்றைத்தான்.