சேந்தன் அமுதனா, பூங்குழலியா?

1921-இல் உளவியலாளர் கார்ல் யுங், மனம் உள்நோக்கித் திரும்பிய அகமுகர், வெளியுலகை நோக்கித் திரும்பிய புறமுகர் என்று மனிதர்களை வகைப்படுத்தினார். நான் முதல் வகை. 'பொன்னியின் செல்வ'னில் என் இனத்தவர் இருவர்.

சேந்தன் அமுதன் தஞ்சையில் நந்தவனம் வைத்துக் கோயிலுக்குப் பூ கொடுப்பவன். பேச்சற்ற தாய், தேவாரம், பூக்குடலை: அவனுக்கு அதுவே போதும். வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுத்துவிட்டு ஆபத்தையும் அமைதியாக ஏற்கிறான். படிக்கும்போது மனம் ஆறும்.

பூங்குழலி வேறு. கோடிக்கரையில் கலங்கரை விளக்கக் காவலரின் மகள்; தனியாகப் படகேறிக் கடலுக்குள் போய்விடுவாள். சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் காட்டுகிறாளே, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். சொல்ல முடியாத ஆசையை ஒளிக்க அவளுக்குக் கிடைத்த வழி அது. தனிமையை விரும்புகிறவர்கள் சாதுவானவர்கள் என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். உள்ளே அடிக்கும் புயலை அவள்தான் காட்டினாள்.

அமுதனைப் போல இருக்க ஆசை. ஆனால் நான் என்னைக் கண்டுகொண்டது பூங்குழலியிடம்தான். கதை முடிவில் அவர்கள் இருவரும் மணந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.