குரோம் எண்டர்பிரைஸா, ஐலண்டா?

அலுவலக வேலையில் பெரும்பகுதி பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுவதால், சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் மேலாண்மைச் செயலியில் உள்ள பட்டியலை நகலெடுத்துச் சொந்த ஜிமெயிலில் ஒட்டும் அந்த ஒரு நொடியில்தான் தரவு வெளியேறுகிறது. அதைப் பிரவுசரிலேயே தடுக்க முயலும் இரு வழிகள் கூகுளின் குரோம் எண்டர்பிரைஸும் ஐலண்டும்.

கூகுளின் வழியில், ஊழியர்கள் ஏற்கெனவே பழகிய குரோமே நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. எக்ஸ்டென்ஷன்களைத் தடுக்கவும் அப்டேட்களைக் கட்டாயமாக்கவும் அதன் இலவசப் பதிப்பான ‘கோர்’ போதும். ஆனால் உள்ளடக்கத்தைச் சோதித்து ஒட்டுவதையும் பதிவேற்றுவதையும் தடுக்க, 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ‘பிரீமியம்’ வேண்டும். அதன் அறிவிப்பு விலை ஒருவருக்கு மாதம் 6 டாலர்.

2022இல் அறிமுகமான ஐலண்ட் தனி பிரவுசர். அதுவும் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் கட்டப்பட்டதுதான். நிறுவனச் செயலிகளை அதன் வழியாக மட்டுமே திறக்க இயலும் என்று விதித்துவிட்டால், சொந்த மடிக்கணினியில் பணிபுரியும் ஒப்பந்தப் பணியாளர் ஒரு நிறுவனச் செயலியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கலாம், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாதபடி செய்யலாம். அவருடைய கணினி முழுவதையும் நிர்வாகம் கையகப்படுத்த வேண்டியதில்லை என்பதே இதில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம்; வெளியாட்கள் மிகுந்த நிறுவனங்கள் இரண்டாவது பிரவுசரைப் பழக்கும் சிரமத்தைப் பொறுத்தேனும் இதைப் பரிசீலிக்க வேண்டும். நிறுவனமே கணினி வழங்கும் இடங்களுக்குக் குரோமே போதும்.

திரையைக் கைபேசியில் படமெடுப்பதை இரண்டுமே தடுக்காது. பார்ப்பவரை அடையாளம் காட்டும் வாட்டர்மார்க்கைப் பக்கத்தின் மேல் பதிக்கும் வசதி மட்டும் இரண்டிலும் உண்டு.