பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதியதற்கு: எந்த வழியை நம்பலாம்?

தலவாக்கலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மழைக்காலத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹட்டனில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்தார். "தம்பி, ரெண்டு நாளா டிக் டிக்குனு சத்தம் போடுது. பத்து வருசத்துக் கலியாணம், சடங்கு எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. புதுசு ஒன்னு வாங்கிட்டேன், அப்படியே மாத்திக் குடுங்க" என்றார்.

வருவதற்கு முன்பே மூன்று பேரிடம் யோசனை கேட்டிருந்தார். ஒருவர், இரண்டு டிஸ்க்கையும் சொருகிப் பொத்தானை அழுத்தினால் தானாகக் குளோன் (பழையதன் அச்சுப் பிரதி) எடுக்கும் டொக் ஒன்றை வாங்கச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டுப் படங்களை மட்டும் கொப்பி பண்ணச் சொன்னாராம். மூன்றாமவரின் வைத்தியம் பிரிட்ஜ். ஒரு இரவு ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் சத்தம் நின்றுவிடுமாம்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வைக்காதீர்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டிஸ்க்கின் வாசிப்பு முனை, சுழலும் தட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் மிதந்துகொண்டு ஓடுகிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு துளி ஈரம் போனாலும் கதை முடிந்தது. இதே ஆட்கள் "மலையில ஹார்ட் டிஸ்க் நிக்காது" என்றும் சொல்வார்கள். வழக்கமான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும் என்றே தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நுவரெலியா நகரமே 1,868 மீட்டர்தான். மலையைக் குற்றம் சொல்ல வேண்டாம். குற்றவாளிகள் ஈரமும் கரண்டும்.

சரி, மிச்சமிருக்கும் வழிகளை ஒப்பிடும்போது எல்லோரும் "எது லேசு, எது சீக்கிரம்" என்றுதான் பார்க்கிறார்கள். என் கணக்கு வேறு. பழைய டிஸ்க் இன்னும் எத்தனை தடவை வாசிக்கக் கொடுக்கும்? அதைப் பொறுத்துத்தான் வழி.

முதலில் நாடி பிடியுங்கள்

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தோடு நின்றுவிடாமல் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னச் சின்னத் துண்டுகள். சி5 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது வாசிக்கவே முடியாது என்று கைவிடப்பட்டவை. 05-இல் சின்ன எண் ஒன்று மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் நான் பெரிதாகக் கவலைப்படமாட்டேன். சி5 இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று ஏறினால் அந்த டிஸ்க் நோயாளி. சி7 மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் கேபிள்தான் பிரச்சினை, மாற்றிப் பாருங்கள். ஒரு சின்ன விசயம்: அந்த மென்பொருள் எண்களை 16-ஐ அடியாகக் கொண்ட கணக்கில் காட்டும். அதில் 10 என்று இருந்தால் நிஜத்தில் 16.

டிஸ்க் வயதானது, ஆனால் சுகமாக இருக்கிறது என்றால்

இங்கே போட்டி இரண்டுக்கு நடுவில். விண்டோஸுக்குள்ளேயே ஓடும் குளோன் மென்பொருள் ஒரு பக்கம், பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி ஓட்டும் குளோன்சில்லா மறுபக்கம்.

விண்டோஸ் மென்பொருளில் படம் பார்த்துச் சொடுக்கினால் போதும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கினால் சில கம்பனிகள் இதைச் சும்மா தருகின்றன. சாம்சங்கின் மென்பொருள் சாம்சங் எஸ்எஸ்டிக்கு மட்டும் வேலை செய்யும். குரூஷல், டபிள்யூடி வாங்கியவர்களுக்கு ஆக்ரோனிஸ் என்ற குளோன் மென்பொருளின் ஒரு பதிப்பு கிடைக்கும். பெயர் தெரியாத மலிவு எஸ்எஸ்டி வாங்கியவருக்கு இதில் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்களுக்கு மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்கான ஆதரவு 2024 ஜனவரி 1-ஓடு நின்றுவிட்டது.

குளோன்சில்லா யாருக்கும் இலவசம், எந்தக் கம்பனி டிஸ்க்கும் அதற்கு ஒன்றுதான். முழு டிஸ்க்கையும் தடவாமல், தகவல் இருக்கும் இடங்களை மட்டும் எடுக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் 120 ஜிபிதான் நிறைந்திருக்கிறது என்றால் 120 மட்டும்தான் பயணம். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் அது இருபது நிமிட வேலை. ஆனால் திரையில் வெறும் எழுத்துப் பட்டியல். எது பழையது, எது புதியது என்பதை அதன் மொடல் எண்ணைப் பார்த்து நீங்களே சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வெறும் டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் அச்சடித்துவிடும்; அது கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கள்தான் "ஆமாம்" சொல்லியிருப்பீர்கள். அதனால் இரண்டு டிஸ்க்கின் மொடலையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மொனிட்டரில் ஒட்டிவிட்டுத்தான் நான் தொடங்குவேன்.

இன்னொரு பொறி அளவில் இருக்கிறது. கடையில் 500 ஜிபிக்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டியை நீட்டுவார்கள். "எல்லாம் ஒன்னுதான் அண்ணே" என்பார்கள். ஒன்றில்லை. குளோன்சில்லா வழக்கமான முறையில் பழையதைவிடச் சிறிய டிஸ்க்கை ஏற்காது. முன்கூட்டியே பழைய டிஸ்க்கின் பகுதியை (பார்ட்டிஷனை) சுருக்க வேண்டும், அது பழைய டிஸ்க்கில் எழுதும் வேலை. விண்டோஸ் மென்பொருள்கள் தகவல் கொள்ளும் அளவுக்கு இடமிருந்தால் தாமே சுருக்கிக்கொள்ளும். இந்த ஒரு விசயத்தில் அவைதான் கெட்டிக்காரர்கள். 512 வாங்கிவிட்டால் பேச்சே இல்லை.

டொக்: எனக்கும் அதற்கும் பகை

கணினியே தேவையில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. இரண்டு துவாரம், ஒரு பொத்தான், 25, 50, 75, 100 என்று நான்கு விளக்கு. சில வருசத்துக்கு முன் எங்கள் கடை டிஸ்க்கையே இதில் போட்டேன். அப்போதே அது கொஞ்சம் முனகிக்கொண்டிருந்தது. மூன்றாவது விளக்கு எரியும்போது பின்நேர இடி ஒன்று விழுந்தது, கரண்ட் போனது. திரும்பி வந்ததும் டொக் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் என்று நினைத்தேன். அதற்கு அந்த ஞாபகமெல்லாம் கிடையாது, முதலிலிருந்து. இரண்டாவது ஓட்டத்தை என் டிஸ்க் தாங்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள், பழைய வினாத்தாள்கள், அப்பாவின் ஒரே நல்ல போட்டோ, எல்லாம் போனது.

குற்றம் டொக்கில் மட்டும் இல்லை, நோயாளியை அதில் படுக்க வைத்த என்னிடமும் இருக்கிறது. அது தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு செக்டராக, வெற்றிடத்தையும் சேர்த்துப் பிரதி எடுக்கிறது. கெட்ட இடம் வந்தால் என்ன நடந்தது என்று நமக்குச் சொல்ல அதற்கு வாயில்லை. புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரிக்கப்பட்ட டிஸ்க்காக இருந்தால் அதன் பகுதி தொடங்கும் கோணல் இடத்தையும் அப்படியே எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோய் அதை மந்தமாக்கும். நல்ல நிலையிலுள்ள டிஸ்க், கூடவே யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் அதை வெறும் டொக்காகவே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது நல்ல சாமான்.

புதிதாக விண்டோஸ் போடுவது

வைரஸ், பழைய குப்பை எதுவும் கூட வராது, கணினி புதுப் பெண் மாதிரி இருக்கும். வீட்டுக் கணினிக்கு நான் இதைத்தான் சொல்வேன். கடைக் கணினிக்குச் சொல்லமாட்டேன். காரணம் பாமினி. எங்கள் பக்கத்துக் கொமினிகேசன் கடைகளில் இருபது வருசமாக அடித்த கடிதங்கள் பாதி அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். எழுத்துருவைத் திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் தட்டச்சு மென்பொருள், பழைய பிரிண்டரின் டிரைவர், குறுந்தட்டே தொலைந்துபோன அல்பம் மென்பொருள், இதையெல்லாம் தேடி ஒரு வாரம் போய்விடும்.

"விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்ததே, இதுதான் சாட்டு என்று புதிதாகப் போட்டுவிடலாமே" என்று கேட்கலாம். கணினி புதிதாக இருந்தால் நியாயம். ஆனால் பழைய டிஸ்க் இருக்கும் இடத்தில் பழைய புரொசசரும் இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் தகுதி பெரும்பாலும் அதற்கு இருக்காது.

நோயாளிக்கு ஒரே வழி

சி5 ஏறுகிறது, கோப்பு திறக்கும்போது கணினி உறைந்து நிற்கிறது என்றால் நான் ஜிஎன்யூ டிடி ரெஸ்க்யூவைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். லினக்ஸில் ஓடும் இலவச நிரல் இது. சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற பென் டிரைவ் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. கட்டளையைக் கையால் அடிக்க வேண்டும். மூலம் முதலில், இலக்கு அடுத்து. மாற்றி அடித்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதுதான்.

மற்றவை கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது முதல் சுற்றில் கைக்கு வரும் கொழுந்தை மட்டும் கிள்ளிக்கொண்டு முரட்டு இடத்தைத் தாண்டிப் போகும். நல்ல பகுதி முழுக்கப் புதிய டிஸ்க்குக்கு வந்த பிறகுதான் திரும்பிப் போய் மிச்சத்தைச் சுரண்டும். டிஸ்க் நடுவழியில் செத்தாலும் பெரும்பங்கு நம் கையில். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அதை மூன்றாவது இடத்தில், ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டால் கரண்ட் போய் வந்தாலும் அதே கட்டளையை அடித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததைப் பார்த்த நாட்டில் இந்த ஒரு குணத்துக்காகவே இதைக் கும்பிடலாம்.

குறை? மெதுவானது. வெற்றிடத்தையும் வாசிக்கும். பழைய யூஎஸ்பி 2.0 வழியாக 500 ஜிபி என்றால் சுகமான டிஸ்க்குக்கே நான்கு மணி நேரம் பிடிக்கும், நோயாளிக்கு நாள் கணக்கு. சில யூஎஸ்பி கேபிள்கள் கெட்ட செக்டரில் திணறி நின்றுவிடும் என்பதால் முடிந்தவரை டிஸ்க்கை நேரடியாக கணினிக்குள் இருக்கும் சாட்டா கேபிளில் மாட்டுங்கள். லப்டொப்பின் சின்ன டிஸ்க் என்றால் இன்னொரு லப்டொப்பில் யூஎஸ்பி வழியாக மாட்டுவதிலும் ஒரு வசதி உண்டு: பற்றரியே யூபிஎஸ் ஆகிவிடும். பெரிய டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் வேண்டும், அங்கே யூபிஎஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

டிஸ்க் திருத்தும் விண்டோஸ் கட்டளைகளைப் பிரதி எடுத்து முடிந்த பிறகு புதிய டிஸ்க்கில் ஓட்டுங்கள், பழையதில் ஒருபோதும் வேண்டாம். கணினிக்கு டிஸ்க்கே தெரியவில்லை, சீராக டிக் டிக் மட்டும்தான் என்றால் இதுவும் உதவாது. கொழும்பில் தகவல் மீட்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி, அதுவும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல்.

அண்ணனின் டிஸ்க் நல்ல காலத்துக்குக் கணினிக்குத் தெரிந்தது. யூபிஎஸ்ஸோடு மேசைக் கணினியில் மாட்டி இரண்டு இரவு ஓடவிட்டேன். முதல் இரவே இரண்டு தடவை கரண்ட் போனது, ஒரு தடவை யூபிஎஸ்ஸும் கைவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் மாட்டி முதல் தடவை எழுப்பினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே அடையாளம் இரண்டு டிஸ்க்குக்கு என்று விண்டோஸ் குழம்பி ஒன்றை ஓரம் கட்டிவிடும்.

சில படங்கள் மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டன. ஒரு கலியாணப் படத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் நெஞ்சு வரைக்கும்தான் இருக்கிறார்கள். "மொகம் இருக்குல்ல தம்பி, அளவக் கொறச்சு அல்பத்துல போட்டுறலாம்" என்றார் அண்ணன். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல், பெயர் எழுதி ஆறு மாதம் வைத்திருக்கச் சொன்னேன். புதியதற்கும் ஒரு பிரதி இருந்தால் நல்லது, இன்னொன்று வாங்கி வாருங்கள் என்றேன். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த கலியாண சீசன் வரட்டும், பாப்போம்" என்று பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.